கல்லூரி ஃபுட்பாலா, தொழில்முறை பேஸ்பாலா: வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ஃபுட்பால் (பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்க ஃபுட்பால், நம் கால்பந்து இல்லை), பேஸ்பால் என்ற இரண்டு விளையாட்டிலும் கெட்டிக்காரனான ஒரு பையனுக்கு ஹை ஸ்கூலின் கடைசி வருடம் லேசாகக் கழியாது. பல்கலைக்கழக ஃபுட்பால் கோச் முழு ஸ்காலர்ஷிப் தருகிறேன் என்கிறார். தொழில்முறை அணிக்கு ஆள் தேடும் பேஸ்பால் ஸ்கவுட், பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன்னோடு வந்து வலைக்குப் பின்னால் உட்கார்கிறார். இரண்டு பேரும் அவனைப் பாராட்டித்தான் பேசுகிறார்கள். ஆனால் ஜூலை மாதத்தில் ஒரு நாள், ஒரு போன் அழைப்பில், சில நிமிடங்களுக்குள் அவன் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பதிலுக்கான வேலை குறைந்தது பத்து மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

நான் ஹூஸ்டன் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கவுன்சலர். மதிப்பெண் சான்று, தகுதிப் படிவம், கல்லூரிக் கடிதம் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். என் கணவர் வருமான வரிக் கணக்கு பார்ப்பவர். அதனால் இந்தக் கேள்வியோடு வரும் சில குடும்பங்கள் எங்கள் வீட்டுக் கூடம் வரைக்கும் வந்துவிடுவார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன். நம் தமிழ் வீடுகளில் இந்தக் கேள்வி அபூர்வம்தான். ஆனாலும் அது வரும்போது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருக்கமாட்டார். அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

எந்தக் கதவு எப்போது மூடும்

எது அதிகப் பணம், எது அதிகப் பிரியம் என்ற கேள்விகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹை ஸ்கூல் முடித்து, கல்லூரியில் சேராத பையனை மேஜர் லீக் பேஸ்பால் (எம்.எல்.பி.) என்ற உச்ச மட்டத் தொழில்முறை லீக்கின் அணிகள் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுக்கலாம். அவன் நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்று வருடம் முடியும் வரை அல்லது 21 வயது ஆகும் வரை மறுபடி எடுக்க முடியாது. இரண்டு வருட ஜூனியர் காலேஜ் என்றால் ஒவ்வொரு வருடமும் எடுக்கலாம். ஃபுட்பாலில் இப்படி ஒரு தேர்வே கிடையாது. ஹை ஸ்கூல் முடித்து மூன்று வருடம் ஆகாமல் யாரும் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லுக்குப் போக முடியாது. அதாவது பேஸ்பால் 18 வயதில் சம்பளம் தரும், ஃபுட்பால் கல்லூரி வழியாகத்தான் போகும்.

அடுத்த விதி பலருக்குத் தெரிவதில்லை. பேஸ்பாலில் தொழில்முறை ஒப்பந்தம் போட்டவன் கல்லூரியில் பேஸ்பால் ஆட முடியாது. ஆனால் ஃபுட்பால் ஆடலாம். கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. கிறிஸ் வெய்ன்கி 1990 டிராஃப்டில் டொரன்டோ ப்ளூ ஜேஸ் அணிக்குப் போனார். மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கில் வருடக்கணக்கில் ஆடினார், மேலே போக முடியவில்லை. ஃப்ளோரிடா ஸ்டேட்டில் சேர்ந்து ஃபுட்பாலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஆகி, 2000ஆம் ஆண்டு சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 28 வயதில் வாங்கினார். பிராண்டன் வீடன் 2002இல் யாங்கீஸ் அணி இரண்டாம் சுற்றில் எடுத்த பிட்சர், அதாவது பந்து வீசுபவர். பிறகு ஓக்லஹோமா ஸ்டேட் போய், 2012இல் 28 வயதில் என்.எஃப்.எல். முதல் சுற்றில் தேர்வானார்.

எதிர்த் திசையில், மூன்று நான்கு வருடம் முழுக்க ஃபுட்பாலே ஆடிவிட்டுப் பிறகு பேஸ்பாலில் நிலைத்தவர்களைத் தேடிப் பாருங்கள். மிகச் சிலர்தான் கிடைப்பார்கள். காரணம் எளிது. பேட்டிங் என்பது கண்ணும் கையும் ஆயிரக்கணக்கான பந்துகளில் பழகிப் பழகி வரும் திறமை. 18 வயதிலிருந்து 21 வயது வரை அந்தப் பந்துகளைப் பார்க்காதவன், அதே வயதில் தினமும் பார்த்தவனோடு போட்டி போட வேண்டும். கால் வேகமும் தோள் பலமும் அப்படியே இருக்கலாம், வளையும் பந்தைக் கண்டுகொள்ளும் பழக்கம் இருக்காது.

இதிலிருந்து என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபுட்பாலை 'பாதுகாப்பான வழி' என்று நினைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். டிகிரி கிடைக்கும், பேஸ்பாலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிறைய வீடுகளில் பேசுகிறார்கள். நடைமுறையில் திரும்பி வரச் சிரமமான வழி அதுதான். பையனுக்கு ஃபுட்பால்தான் வேண்டும் என்றால், ஃபுட்பாலுக்காகவே போகட்டும். அது முழுமையான, கௌரவமான காரணம். பேஸ்பாலைத் தள்ளிப்போடுவதற்காக மட்டும் போக வேண்டாம்.

ஜூலையிலிருந்து பின்னோக்கி நாள் குறியுங்கள்

பேஸ்பால் டிராஃப்ட் 2021 முதல் ஜூலை நடுவில், ஆல்-ஸ்டார் ஆட்டத்தை ஒட்டி நடக்கிறது. முன்பு ஜூன் தொடக்கத்தில் நடந்தது. இந்த ஒரு மாதத் தள்ளிவைப்பு இரு விளையாட்டுப் பையன்களுக்குப் பெரிய நெருக்கடி. ஃபுட்பால் கல்லூரிகள் புதிய பையன்களை ஜூன் மாதமே வரச் சொல்லிவிடும். உடற்பயிற்சி, கோடைக்காலப் பாடம், ஆட்டத் திட்டப் புத்தகம் என்று எல்லாம் அப்போதே ஆரம்பம். ஆகஸ்ட் தொடக்கத்தில் முழுப் பயிற்சி முகாம். ஆக, பேஸ்பால் டிராஃப்ட் வரும்போது பையன் ஃபுட்பால் ஆட்களோடு ஒரே விடுதியில் இருப்பான், இதயம் எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துப் பாருங்கள். ஜூன் மாதம் எப்போது வரவேண்டும், கோடைப் பாடத்தில் உட்கார்ந்தால் டிராஃப்ட் தகுதி பாதிக்கப்படுமா என்ற இரண்டையும் கல்லூரியில் விதிமுறைகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்திடமும் எம்.எல்.பி. அலுவலகத்திடமும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கோச் வாயால் சொன்னது போதாது.

ஃபுட்பாலில், கல்லூரியில் சேர ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் முக்கியமான நாள் டிசம்பரிலேயே வந்துவிடுகிறது. அதில் கையெழுத்திட்டாலும் ஜூலையில் பேஸ்பால் டிராஃப்டில் இருக்கலாம், தடை இல்லை. ஆனால் அந்த டிசம்பரில் கோச்கள் இன்னொன்றையும் கேட்பார்கள்: ஹை ஸ்கூலை அரை வருடம் முன்பே முடித்துக்கொண்டு ஜனவரியில் கல்லூரிக்கு வந்துவிடு, வசந்தகாலப் பயிற்சியில் சேர்ந்துகொள்ளலாம் என்று. குவார்ட்டர்பேக்குகளிடம் இதைக் கேட்காத கோச் குறைவு. இந்த இடத்தில் கவனமாக இருங்கள். ஜனவரியில் போனால் கடைசி ஹை ஸ்கூல் பேஸ்பால் பருவம் போய்விடும். ஸ்கவுட்கள் பார்க்க ஆட்டமே இருக்காது. நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டதால் டிராஃப்ட் தகுதியும் மூன்று வருடம் தள்ளிப்போகும். அந்த ஒரு ஜனவரிப் படிவம்தான் உண்மையான முடிவு. பல குடும்பங்களுக்கு அது வெறும் பாடத்திட்ட விஷயமாகத் தெரிகிறது. என் மேசைக்கு அந்தப் படிவம் வரும்போதெல்லாம் நான் பெற்றோரை நேரில் வரச்சொல்லிப் பேசுவது இதற்காகத்தான்.

ஸ்கவுட்கள் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும். அவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு கொடுத்தால் கையெழுத்திடுவாய்? அதற்கு வருவோம்.

உங்கள் தொகையை நீங்களே எழுதி வையுங்கள்

டிராஃப்ட் இப்போது 20 சுற்றுகள். முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வோர் இடத்துக்கும் ஸ்லாட் என்ற ஒரு மதிப்பு உண்டு. ஓர் அணிக்குக் கிடைத்த இடங்களின் ஸ்லாட் மதிப்பையெல்லாம் கூட்டினால் அதுதான் அந்த அணியின் போனஸ் நிதி, அதாவது கையெழுத்திடும் பையன்களுக்கு மொத்தத் தொகையாகத் தரும் போனஸுக்கான பணம். அதைத் தாண்டினால் வரி, 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் வருங்கால முதல் சுற்று இடமே பறிபோகும். அதனால் அணிகள் அந்த எல்லைக்குள்தான் நிற்கும். ஆனால் நிதிக்குள் ஒருவருக்குக் குறைத்து இன்னொருவருக்குக் கூட்டிக் கொடுக்கலாம். இரு விளையாட்டுப் பையன்களுக்குப் பணம் வருவது இந்த இடைவெளியில்தான்.

2021ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் செய்ததைப் பாருங்கள். முதல் இடத்தில் ஹென்றி டேவிஸ் என்ற கேட்சரை எடுத்தார்கள். அந்த இடத்தின் ஸ்லாட் 84 லட்சம் டாலருக்கு மேல். அவர் 65 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். மிச்சமான பணத்தைப் பிற்பாடு எடுத்த பையன்களுக்குத் திருப்பினார்கள். 64ஆம் இடத்தில் லானி வைட், பென் ஸ்டேட்டில் ஃபுட்பால் ஆடப்போவதாக இருந்தவர், 15 லட்சம் வாங்கினார். 72ஆம் இடத்தில் பப்பா சேண்ட்லர், கிளெம்சனுக்குக் குவார்ட்டர்பேக்காகப் போகவேண்டியவர், 30 லட்சம் வாங்கினார். அந்த இடத்தின் ஸ்லாட் 9 லட்சத்துக்கும் குறைவு. மூன்று மடங்குக்கு மேல் கிடைத்ததற்குக் காரணம், அவரிடம் கிளெம்சன் என்ற நிஜமான மாற்று இருந்தது, தொகையும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. சேண்ட்லர் 2025இல் பிட்சராக மேஜர் லீக்கில் அறிமுகமானார்.

இதைத் தலைகீழாகவும் படிக்க வேண்டும். முதல் பத்துச் சுற்றில் எடுத்த பையன் கையெழுத்திடாவிட்டால் அந்த இடத்தின் ஸ்லாட் பணம் அணியின் நிதியிலிருந்தே காணாமல் போகும். அதனால் தெளிவில்லாத பையனை யாரும் மேலே எடுக்கமாட்டார்கள். பிறகு என்.எஃப்.எல். நட்சத்திரக் குவார்ட்டர்பேக்கான பேட்ரிக் மஹோம்ஸ் 2014இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியால் 37ஆம் சுற்றில் எடுக்கப்பட்டார். திறமைக் குறைவால் இல்லை, டெக்சாஸ் டெக்குக்குப் போய்விடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால். இன்னொரு என்.எஃப்.எல். நட்சத்திரமான டாம் பிரேடியை 1995இல் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் 18ஆம் சுற்றில் எடுத்ததும் அப்படியே. இன்றைக்கு 37ஆம் சுற்றே கிடையாது. 'சும்மா எடுத்து வைப்போம்' என்ற அந்தப் பழைய மரியாதை போய்விட்டது. பத்தாம் சுற்றுக்குப் பிறகு ஒருவருக்கு 1,50,000 டாலருக்கு மேல் போனால் கூடுதல் தொகை நிதிக் கணக்கில் சேரும் என்பதால், அங்கே கிடைப்பது பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கும்.

இனி தொகை. மார்ச் மாதத்துக்குள் ஒரு தாளில் எழுதுங்கள். பையன் தனியாக ஒன்று எழுதட்டும், அப்பா அம்மா தனியாக ஒன்று எழுதுங்கள். பிறகு இரண்டையும் மேசையில் வைத்துப் பேசுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் அதைப் பற்றிப் பேச இன்னும் நாலு மாதம் இருக்கிறது. ஜூலையில் இருக்காது.

எழுதும்போது கைக்கு வரும் பணத்தை நினைத்து எழுதுங்கள். என் கணவர் எல்லோருக்கும் போட்டுக் காட்டும் கணக்கு இது: 10 லட்சம் டாலர் போனஸ் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் கட்டணம் 5 சதவீதம் என்றால் 50,000 போயிற்று. 2025ஆம் ஆண்டு விகிதப்படி, திருமணமாகாத ஒருவருக்கு மத்திய வருமான வரி ஏறக்குறைய 3,20,000. போனஸ் சம்பளமாகவே கருதப்படுவதால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரண்டும் சேர்ந்து 30,000க்குச் சற்று மேல். மிஞ்சுவது சுமார் 6 லட்சம். டெக்சாஸ், ஃப்ளோரிடா குடும்பங்களுக்கு மாநில வருமான வரி இல்லை. கலிஃபோர்னியா என்றால் இன்னும் குறையும். ஏஜென்ட் கட்டணத்தை வரியில் கழிக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 18 வயதுப் பையனுக்கு 6 லட்சம் பெரிய தொகைதான். ஆனால் வாழ்க்கை முழுவதற்குமான தொகை இல்லை.

அந்தத் தாளில் எழுதிய எண்ணுக்குக் கீழே வந்தால் கல்லூரி, மேலே வந்தால் கையெழுத்து. ஸ்கவுட் கேட்கும்போது எல்லோரிடமும் அதே எண்ணைச் சொல்லுங்கள். ஆளுக்கொரு எண் சொன்னால் ஸ்கவுட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், உங்கள் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும்.

படிப்பு போய்விடுமே என்ற கவலை

நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வி. பதில் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மேஜர் லீக் பேஸ்பாலுக்கு ஒரு கல்லூரி ஸ்காலர்ஷிப் திட்டம் உண்டு. கையெழுத்திடும் நேரத்தில், ஒரு செமஸ்டருக்கு இவ்வளவு என்று எட்டு செமஸ்டர் வரைக்கும் அணி தருவதாக எழுதி வாங்கலாம். போனஸைப் போலவே இதுவும் பேரம் பேசி வாங்க வேண்டியது. கேட்காதவருக்குக் குறைவாகவே கிடைக்கும். பையன் போகவிருந்த கல்லூரியின் முழுச் செலவை, கல்விக்கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் கூட்டி, அந்த எண்ணைக் கேளுங்கள். ஆட்டம் முடிந்து இரண்டு வருடத்துக்குள் படிப்பைத் தொடங்கியாக வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பணத்துக்கும் வரி உண்டு.

எந்தப் பக்கம் போனாலும் என்.சி.ஏ.ஏ. தகுதி கையில் இருக்க வேண்டும். கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான டிவிஷன் 1க்கு 16 அடிப்படைப் பாடங்கள், அவற்றில் மதிப்பெண் சராசரி (ஜி.பி.ஏ.) 2.3. கடைசி வருடம் தொடங்கும் முன் பத்துப் பாடங்கள் முடிந்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியல். ஒன்பதாம் வகுப்பிலேயே கவுன்சலரிடம் போய் இந்தப் பட்டியலைக் கேளுங்கள். படிப்பில் தகுதி இல்லாத பையனுக்குக் கல்லூரி என்ற மாற்று இல்லை என்பது ஸ்கவுட்டுக்கும் தெரியும். அவர் சொல்லும் தொகை அப்போதே இறங்கிவிடும்.

கல்லூரி ஃபுட்பாலில் இப்போது பணம் உண்டு

முன்பு இந்தக் கணக்கு ஒருதலைப்பட்சமானது. ஒரு பக்கம் போனஸ், மறு பக்கம் ஸ்காலர்ஷிப் மட்டும். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயர், உருவம், புகழ் ஆகியவற்றால் சம்பாதிக்கலாம் என்றாகிவிட்டது. 2025 ஜூனில் கல்லூரி வீரர்கள் தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் நேரடியாகவே வீரர்களுக்குப் பணம் தரலாம். முதல் வருடத்தில் ஒரு பல்கலைக்கழகம் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துத் தரக்கூடிய உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பெரிய கல்லூரிகளில் அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்குத்தான்.

இதனால் உங்கள் தாளில் உள்ள எண் மாறும், மாற வேண்டும். ஃபுட்பால் பக்கம் வருடத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். ஆனால் கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை வருடத்துக்கு? கோச் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால்? பையன் மாறிப் போனால் பணத்தைத் திருப்பித் தரவேண்டுமா? காயம் பட்டால்? ஸ்காலர்ஷிப் எந்தச் சூழலில் நிற்கும்? இந்தப் பணம் பெரும்பாலும் வரி பிடிக்காமல் வரும், காலாண்டுக்கு ஒருமுறை நீங்களே கட்ட வேண்டும். வசந்தத்தில் வரிக்குப் பணமில்லாமல் நிற்கும் பையன்களை என் கணவர் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறார்.

சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் ஃபுட்பால் அணிக்கு 105 பேர் என்ற வரம்பும் வந்திருக்கிறது. பையனின் இடத்தில் எத்தனை பேர் அவனுக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். குவார்ட்டர்பேக் ஒருவர்தான் ஆட முடியும். ஹூஸ்டனுக்கு வடக்கே நியூ கேனியைச் சேர்ந்த ஆடம் டன், 1998இல் சின்சினாட்டி ரெட்ஸோடு ஒப்பந்தம் போட்டுவிட்டே டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குக் குவார்ட்டர்பேக்காகப் போனார். அங்கே வேறொருவர் அந்த இடத்தைப் பிடித்துவிட, இவரை டைட் எண்ட் என்ற வேறோர் ஆட்ட இடத்துக்கு மாறச் சொன்னார்கள். அவர் ஃபுட்பாலை விட்டுவிட்டு முழுநேரம் பேஸ்பாலுக்குப் போய் 462 ஹோம் ரன் அடித்தார். ஃபுட்பாலில் இடம் மாற்றச் சொன்னால் ஏற்பாயா என்று பையனிடம் இப்போதே கேளுங்கள். பதில் யோசிக்காமல் வந்தால், அது உங்களுக்கு நிறையச் சொல்லும்.

மைனர் லீக் வாழ்க்கையை நேரில் பாருங்கள்

போனஸைப் பற்றிப் பேசும் வீடுகள், போனஸுக்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஹை ஸ்கூல் பையன் பெரும்பாலும் அரிசோனா அல்லது ஃப்ளோரிடா பயிற்சி மையத்தில் தொடங்குவான். பிறகு மைனர் லீக்கின் படிகளான சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. 2023இல் மைனர் லீக் வீரர்களின் முதல் கூட்டு ஒப்பந்தம் வந்த பிறகு சம்பளம் உயர்ந்தது. அந்த ஒப்பந்தப்படி பயிற்சி மையத்தில் வருடத்துக்குக் குறைந்தது 19,800 டாலர், சிங்கிள்-ஏயில் 26,200, டிரிபிள்-ஏயில் 35,800. தங்க வீடு அணி தரும். செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு அல்லது பேருந்துப் பயணம்.

மேலே போகாமலும் போகலாம். கன்சாஸைச் சேர்ந்த பப்பா ஸ்டார்லிங், நெப்ராஸ்காவுக்குக் குவார்ட்டர்பேக்காகப் போகவேண்டியவர், 2011இல் ஐந்தாம் இடத்தில் ராயல்ஸ் அணிக்கு 75 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். மேஜர் லீக் ஆடுகளத்தில் அவர் முதல்முறை இறங்கியது 2019 ஜூலையில். எட்டு வருடம். ஜோ மவர், ஃப்ளோரிடா ஸ்டேட் குவார்ட்டர்பேக் இடத்தை விட்டுவிட்டு 2001இல் முதல் இடத்தில் மினசோட்டாவுக்குப் போனவர், 2024இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். இரண்டும் ஒரே முடிவு, இரண்டு வாழ்க்கை. மவரை மட்டும் நினைத்து முடிவெடுக்காதீர்கள். ஸ்டார்லிங்கின் எட்டு வருடத்தைத் தாங்கக்கூடிய மனம் பையனுக்கு உண்டா என்று பாருங்கள்.

இதற்கு எளிய வழி, அருகில் உள்ள மைனர் லீக் ஊருக்கு ஒரு வாரநாளில் பையனை அழைத்துப் போவது. ஆட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கே போய், கூட்டம் இல்லாத மைதானத்தில் அவர்கள் வெயிலில் பயிற்சி செய்வதைப் பாருங்கள். அடுத்த வாரம் ஒரு சனிக்கிழமை பெரிய கல்லூரியின் ஃபுட்பால் ஆட்டத்துக்கும் போங்கள். எந்த இடத்தில் பையன் மௌனமானான், எங்கே பேசிக்கொண்டே வந்தான் என்று வீடு திரும்பும்போது கவனியுங்கள்.

உடம்பு

ஃபுட்பாலில் தலைக்காயமும் முழங்கால் தசைநார்க் கிழிவும், பேஸ்பால் பிட்சருக்கு முழங்கைத் தசைநார். அந்த முழங்கைத் தசைநாருக்குச் செய்யும் டாமி ஜான் அறுவைசிகிச்சைக்குப் பிறகு பிட்சர் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். குவார்ட்டர்பேக்காகவும் பிட்சராகவும் இருப்பவனுக்கு ஒரே தோள் இரண்டு பருவத்தையும் சுமக்கிறது. மேஜர் லீக்கும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியில், 17, 18 வயதினருக்கு ஒரு நாளில் 105 பந்து உச்சம், வருடத்தில் நான்கு மாதம் போட்டிப் பந்துவீச்சிலிருந்து ஓய்வு, அதில் இரண்டு மூன்று மாதம் தோளுக்கு மேல் எறிவதே கூடாது என்று இருக்கிறது. ஃபுட்பால் பாஸ்களும் எறிதல்தான். இலையுதிர்காலம் முடிந்ததும் இடைவெளி கொடுங்கள், ஸ்கவுட் முகாம் எதுவாக இருந்தாலும்.

இரண்டையும் ஆடலாமா

சிலரால் முடிந்திருக்கிறது. கைலர் மர்ரி 2018இல் ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் அணியால் ஒன்பதாம் இடத்தில் எடுக்கப்பட்டு 46.6 லட்சத்துக்குக் கையெழுத்திட்டார். ஒரே ஒரு வருடம் ஓக்லஹோமாவில் ஃபுட்பால் ஆட அணி அனுமதித்தது. அந்த வருடம் ஹைஸ்மன் வாங்கினார், 2019 என்.எஃப்.எல். டிராஃப்டில் முதல் இடம். வாங்கிய 15 லட்சத்தில் 12.9 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தார், மீதியை விட்டுக்கொடுத்தார். அவர் அபூர்வம். கல்லூரியில் பேஸ்பால் பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்கும், ஃபுட்பால் வசந்தகாலப் பயிற்சி அதன் நடுவிலேயே வரும். கல்லூரி 'இரண்டும் ஆடலாம்' என்றால், ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் எங்கே இருப்பான் என்று இரண்டு கோச்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதில் ஒன்றாக இருந்தால் நம்பலாம்.

டிராஃப்ட் நாளும் அதற்குப் பிறகும்

போனை யார் எடுப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். அழைப்பு இப்படித்தான் வரும்: இந்தத் தொகைக்குச் சம்மதமா? அணியின் முறை வருவதற்குச் சில நிமிடங்களே இருக்கும். ஏஜென்ட் பேசினாலும் பையன் பக்கத்தில் இருக்க வேண்டும், எழுதிய தாள் கையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் தாத்தா பாட்டி, உறவினர் யாரும் அறைக்குள் வேண்டாம். அன்பால் பேசுவார்கள், ஆனால் முடிவு குழம்பும்.

கையெழுத்திட்டால், பையனே ஃபுட்பால் கோச்சுக்குப் போன் செய்யட்டும். செய்தியாகவோ, அப்பா வழியாகவோ வேண்டாம். பத்து வருடம் கழித்து அதே கோச்சிடம் இடம் கேட்கும் நிலை வரலாம். போனஸ் வங்கிக்கு வருவதற்கு முன்பே வரிக்கான பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்க ஏற்பாடு செய்யுங்கள். ஸ்காலர்ஷிப் திட்டப் பக்கத்தைத் தனியாக ஒரு நகல் எடுத்து, அதன் இரண்டு வருட நிபந்தனையை அடிக்கோடிட்டு வையுங்கள்.

கையெழுத்திடாவிட்டால், வந்த தொகையை வெளியில் சொல்லாதீர்கள். மூன்று வருடம் கழித்து மறுபடி டிராஃப்ட் தகுதி வரும் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, ஆகஸ்ட் முகாமுக்கு அவன் பெட்டியைக் கட்ட உதவுங்கள். பேட்டையும் கையுறையையும் சேர்த்து வைப்பதா என்பதை அவனே சொல்லட்டும்.